ஆய்வு நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பட்டமேற்படிப்பு மாணவர்க்கான பயிற்சிப் பணி: மலேசியத் தமிழாய்வு நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

கோலாலம்பூரில் 1924ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் நேசன் நாளிதழ், 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துடன் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. அச்செய்தியைக் கேட்டு நம்மில் பலர் வருந்தினோம். ஆயினும் அவ்விதழின் பழைய படிகள் எங்கெங்கு உள்ளன, எந்த ஆண்டுகளின் இதழ்கள் விடுபட்டுள்ளன, அவற்றில் வெளிவந்த சிறுகதைகளையும் வாசகர் கடிதங்களையும் எப்பட்டியலின்வழித் தேடலாம் என்னும் வினாக்களுக்கு உடனடியாக விடை கூறக்கூடியவர் நம்மிடையே மிகச் சிலரே. ஓர் இதழ் நின்றுபோவதை நம்மால் தடுக்க இயலாதிருக்கலாம். ஆனால் நின்றுபோன இதழைத் தேடிக் கண்டடையும் வழியை அமைத்துத் தருவது நம் கல்வித்துறையின் கடமையாகும்.

இக்கடமையை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் தனிநாயக அடிகளார் பணியாற்றிய காலத்தில், 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது. அதனையடுத்து 1969ஆம் ஆண்டு இராம சுப்பையா அவர்கள் தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் நிரல்படுத்தும் அப்பட்டியலே இன்றளவும் இவ்வட்டாரத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர்க்குத் தொடக்கப் படியாக விளங்குகின்றது. மாநாட்டுக் கட்டுரைகளைப் போலவே இப்பட்டியலும் ஓர் ஆய்வே என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

அத்தகைய பணியைச் செய்யவல்ல இளைய தலைமுறையை உருவாக்குவதற்கு, முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை ஆய்வு நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பயிற்சிப் பணியில் அமர்த்துவது ஏற்ற வழியாகும். அப்பயிற்சியின் இயல்பு, அதில் தமிழறிவு பயன்படும் இடங்கள், அதற்கு வேண்டிய கட்டமைப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

பயிற்சிப் பணி என்பது யாது?

பட்டமேற்படிப்பில் உள்ள மாணவர் ஒருவர், வரையறுக்கப்பட்ட காலத்திற்கு, ஓர் ஆய்வு நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ, அந்நிறுவன அலுவலரின் மேற்பார்வையில், முன்கூட்டியே வகுத்துக்கொண்ட ஒரு பணியைச் செய்து முடிப்பதையே இங்குப் பயிற்சிப் பணி என்கின்றோம். இளங்கலை மாணவர்க்குரிய ‘லத்திஹான் இண்டஸ்ட்ரி’ எனப்படும் தொழிற்பயிற்சியை நாம் நன்கறிவோம். நம் மாணவர்கள் அதற்கெனப் பெரும்பாலும் நாளிதழ் அலுவலகங்களையும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களையும் நாடுகின்றனர். அது ஒரு பணியிடத்தின் நடைமுறைகளுக்கு மாணவரைப் பழக்குவது. நாம் இங்குக் குறிப்பிடும் பயிற்சியோ ஆய்வு மூலங்களை ஒழுங்குபடுத்தி விவரிக்கும் திறனை வளர்ப்பது. தன்னார்வத் தொண்டிலிருந்தும் இது வேறுபட்டதாகும். தொண்டில் நிறுவனத்தின் தேவை முதன்மை பெறும், பயிற்சியில் மாணவரின் கற்றலும் அதற்கு நிகரான இடம் பெற வேண்டும்.

பிற நாடுகளில் இம்முறை நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பிரித்தானியாவில் நூலகவியல் பட்டமேற்படிப்பை மேற்கொள்ள விரும்புவோர், அதற்கு முன் பாட்லியன் நூலகம் போன்ற பெருநூலகங்களில் ஓராண்டுக் காலம் ஊதியம் பெறும் பட்டதாரிப் பயிற்சியாளராகப் பணியாற்றும் வழக்கம் உண்டு. பிரித்தானிய நூலகம் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மாத அளவிலான இடப்பயிற்சிகளை வழங்கி வந்துள்ளது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் 1990களிலிருந்து கோடைகாலப் பயிற்சியாளர்களை உதவித்தொகையுடன் அமர்த்தி, இதுவரை பட்டியலிடப்படாத சேகரங்களை வெளிக்கொணரச் செய்து வந்துள்ளது. இவற்றின் பொதுக்கூறு ஒன்று குறிப்பிடத்தக்கது. பயிற்சியின் முடிவில் மாணவர் கையில் ஒரு சான்றிதழ் மட்டும் எஞ்சுவதில்லை. நூலகத்தில் ஒரு பட்டியலோ, விவரிப்போ, வழிகாட்டியோ நிலைத்து நிற்கின்றது.

நூலகமும் காப்பகமும்

பயிற்சிக்குச் செல்லும் மாணவர் முதலில் தெளிய வேண்டியது நூலகத்திற்கும் காப்பகத்திற்கும் உள்ள வேறுபாடாகும். நூல் ஒரே பதிப்பில் பல படிகளாக அச்சாவது. ஒரு நூலகத்தில் இல்லாதது மற்றொன்றில் இருக்கலாம். மலேசியாவின் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், அச்சு நூல் ஒவ்வொன்றிலும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்குமாறு பதிப்பாளரைப் பணிக்கின்றது. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் 1886ஆம் ஆண்டிலேயே நூற்பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாகவே அக்காலச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அச்சான நூல்களுள் பல இலண்டன் நூலகத்தைச் சென்றடைந்து இன்றும் எஞ்சியுள்ளன.

ஆவணம் அத்தகையதன்று. அது ஓர் அலுவலகமோ சங்கமோ தனிமனிதரோ தம் அன்றாடப் பணியின்போது உருவாக்கிய எழுத்து. பெரும்பாலும் அதற்கு வேறு படி கிடையாது. 1957ஆம் ஆண்டு பொது ஆவண அலுவலகமாகத் தொடங்கி, 1963ஆம் ஆண்டு முதல் தேசிய ஆவணக் காப்பகம் எனப் பெயர் பெற்ற அர்க்கிப் நெகாராவில் உள்ள சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் இதற்குத் தக்க சான்றாகும். அக்கோப்புகளின் தாள்கள் தனித்தனியே பொருள் தருவன அல்ல. ஒரு மனு, அதன்மீது அதிகாரி எழுதிய குறிப்பு, அதற்கு வந்த மறுமொழி என ஒன்றையொன்று தொடர்ந்து பொருள் தருவன.

இதனால்தான் காப்பகவியல், பொருள் அடிப்படையில் ஆவணங்களைக் கலைத்து அடுக்குவதை ஏற்பதில்லை. ஓரிடத்தில் தோன்றிய ஆவணங்களைப் பிற இடத்தவற்றோடு கலக்கலாகாது என்னும் தோற்றுவாய்க் கோட்பாடு 1841ஆம் ஆண்டு பிரான்சில் அரசாணையாகவே வெளிவந்தது. தோற்றியவர் வைத்திருந்த அடுக்குமுறையையும் இயன்றவரை காக்க வேண்டும் என்பது அதன் துணைக்கோட்பாடு. விவரிப்பைப் பொறுத்தவரை அனைத்துலக ஆவணக் காப்பக மன்றத்தின் பொதுத் தரம், 2000ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்பில் 26 கூறுகளை வகுத்துள்ளது. அவற்றுள் ஆறு இன்றியமையாதவை: அடையாள எண், தலைப்பு, உருவாக்கியவர் பெயர், காலம், அளவு, விவரிப்பு நிலை. விவரிப்பு நிலை என்பது முழுச் சேகரத்தைப் பற்றிச் சொல்கின்றோமா, அதிலுள்ள ஒரு வரிசையைப் பற்றியா, ஒரு கோப்பைப் பற்றியா, ஒரு தாளைப் பற்றியா என்பதைக் குறிப்பதாகும். ஆறு கூறுகளும் எளியவை போலத் தோன்றும். ஒரு பழைய தமிழ்க் கடிதக் கட்டினைக் கையில் எடுத்து அவ்வாறினையும் நிரப்ப முயலும்போதுதான் அதன் அருமை விளங்கும்.

ஒரு தவறும் அதன்வழிப் பெற்ற பாடமும்

மேற்கூறிய கோட்பாட்டை நாம் நூல்களிற் படித்தறிந்திருந்தும் ஒருமுறை அதனை மீறினோம். சில ஆண்டுகளுக்கு முன், காலமான தமிழாசிரியர் ஒருவரின் குடும்பத்தார் அவர் வைத்திருந்த தாள்களை ஐந்து பெட்டிகளில் நம்மிடம் ஒப்படைத்தனர். கடிதங்கள், நாளிதழ்த் துணுக்குகள், பற்றுச்சீட்டுகள், பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ்கள் எனப் பலவும் அவற்றில் இருந்தன. அவை நூற்கயிற்றால் சிறு சிறு கட்டுகளாகக் கட்டப்பட்டிருந்தன. முதுகலை மாணவி ஒருவரிடம் அப்பெட்டிகளை ஒப்படைத்து, கடிதங்களை ஓரிடத்திலும் துணுக்குகளை ஓரிடத்திலும் சீட்டுகளை ஓரிடத்திலுமாக வகைப்படுத்துமாறு கூறினோம். அவரும் இரு மாதங்களில் செம்மையாக அதனைச் செய்து முடித்தார்.

பின்னர் ஆசிரியரின் மகன் வந்து பார்த்தார். “அப்பா கட்டி வச்சிருந்த கட்டெல்லாம் எங்க, டாக்டர்?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். ஒவ்வொரு கட்டும் ஒரு முயற்சியைக் குறித்தது என்பதை அப்போதுதான் அறிந்தோம். ஒரு கட்டு பள்ளிக் கட்டட நிதி, மற்றொன்று ஒரு மாணவரின் மேற்படிப்பிற்காக அவர் எழுதிய மடல்களும் வந்த மறுமொழிகளும். வகைப்படுத்திய பின்னர், இருபது வெள்ளிப் பற்றுச்சீட்டு ஒன்று பள்ளிக்குக் கொடுத்ததா கோயிலுக்குக் கொடுத்ததா எனக் கூற இயலாமற் போயிற்று. அச்சீட்டு அழியவில்லை; அதன் பொருள் அழிந்தது.

அம்மாணவி மனந்தளரவில்லை. குண்டூசிகள் விட்டுச்சென்ற துருக்கறைகளையும் தாள்களின் மடிப்புகளையும் ஒப்பிட்டு, எவ்வெவை ஒன்றாக இருந்தன என மீண்டும் கண்டறிய முற்பட்டார். ஏறத்தாழப் பாதியளவே மீட்க முடிந்தது. எஞ்சியவற்றைப் பற்றி, ‘மூல ஒழுங்கு துறையால் கலைக்கப்பட்டது’ என விவரிப்பிலேயே எழுதிவைத்தோம். தவறு மாணவியுடையதன்று, பயிற்றுவிக்காமல் பணித்த நம்முடையது. பயிற்சிப் பணியில் தகுதி வாய்ந்த மேற்பார்வையாளர் இன்றியமையாதவர் என்று நாம் வலியுறுத்துவதற்கு இவ்வனுபவமே காரணம்.

தமிழறிவு தேவைப்படும் இடங்கள்

ஆவணங்களை விவரிக்கக் காப்பகவியல் கற்ற அலுவலர் இருக்கும்போது தமிழ் மாணவர் எதற்கு என்னும் வினா எழலாம். பழந்தாளில் உள்ள தமிழைப் படிப்பதற்குப் பொதுவான தமிழறிவு மட்டும் போதாது என்பதே அதற்கு விடையாகும். நான்கு இடங்களைச் சுட்டலாம்.

முதலாவது காலக்கணக்கு. பழைய கடிதங்களிலும் கணக்கேடுகளிலும் ஆங்கில ஆண்டிற்கு மாறாகத் தமிழ் வருடப் பெயரே காணப்படுவதுண்டு. ‘பிரபவ வருடம் ஆடி 5’ என்றிருப்பின், அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1867, 1927, 1987 ஆகிய மூன்றனுள் ஒன்றாகலாம். கடிதத்தில் கூறப்படும் செய்தி, தாள், அஞ்சல் முத்திரை ஆகியவற்றை நோக்கி 1927ஆம் ஆண்டு ஜூலை மூன்றாம் வாரம் என முடிவு செய்வது தமிழறிந்தவர்க்கே இயலும். அறியாதவர் அதனைத் ‘தேதி இல்லை’ எனப் பதிந்துவிடுவார். அவ்வாறு பதியப்பட்ட ஆவணம், 1920களைப் பற்றி ஆய்பவரின் தேடலில் ஒருபோதும் அகப்படாது. தமிழ் எண்களையும், தமிழ் முஸ்லிம்களின் தாள்களில் காணப்படும் ஹிஜ்ரி ஆண்டையும், அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழாகிய அர்வியையும் இத்துடன் சேர்த்து எண்ணலாம்.

இரண்டாவது பெயர்கள். ஆங்கிலேயர் காலக் கோப்புகளில் இராமசாமி என்னும் ஒரே பெயர் பலவாறு எழுதப்பட்டிருக்கும். தந்தை பெயர், ஊர்ப்பெயர், முதலெழுத்து ஆகியவை இடம் மாறி நிற்கும். இதழ்ப் பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. ‘நேசன்’ என்பதிலுள்ள சகரத்தை இதழ் நடத்தியவர்கள் ரோமன் எழுத்தில் ‘எஸ்’ எனக் குறித்தனர். நூலகங்களின் தரப்படுத்தப்பட்ட எழுத்துப்பெயர்ப்போ அதனைச் ‘சி’ எனக் குறிக்கின்றது. வெளிநாட்டில் நாம் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தபோது, ஒரு மலாயாத் தமிழ் இதழ் அங்கில்லை என்றே பல வாரங்கள் எண்ணியிருந்தோம். நூலகப் பயிற்சியாளராக இருந்த மாணவர் ஒருவர் எழுத்தை மாற்றித் தேடித் தந்தபோது, அவ்விதழ் நாம் அமர்ந்திருந்த தளத்திற்குக் கீழ்த்தளத்திலேயே இருந்தமை தெரியவந்தது.

மூன்றாவது வட்டார வழக்கு. கங்காணி, கிராணி, தண்டல், பெரட்டு, லயம், மங்கு, ஆயாக் கொட்டகை முதலிய தோட்டப்புறச் சொற்கள் தமிழ்நாட்டு அகராதியை மட்டும் நம்புவோர்க்கு விளங்கமாட்டா. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்றுப் பிரிவு போன்ற அமைப்புகளின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும்போது இவ்வறிவு பெரிதும் தேவைப்படும். பால்மரக் காட்டில் ‘மங்கு’ என்பது மரப்பாலைத் தாங்கும் கிண்ணம். மலாய்ச் சொல்லின் வழிவந்தது. இதனை அறியாமல் எழுத்தாக்குவோர் பேசியவரின் வாழ்க்கையையே திரித்துவிடக்கூடும்.

நான்காவது, தமிழ் ஆவணத்தைப் பிறமொழியில் விவரித்தல். நம் நாட்டுக் காப்பகங்களில் விவரிப்பு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைகின்றது. தமிழ் மனு ஒன்றின் சாரத்தை நான்கு வரிகளில் நல்ல மலாயில் எழுதத் தெரிந்த தமிழ் மாணவர் அரிய தொண்டு செய்கின்றார். மலாய்க்கார ஆய்வாளரும் சீன ஆய்வாளரும் அவ்வரிகளின் வழியாகத்தான் அம்மனுவை வந்தடைவர். தோட்டத் தொழிலாளரின் குரல் நாட்டு வரலாற்று நூலில் இடம்பெறுவதற்கான வாயில் அந்நான்கு வரிகளே எனலாம்.

தாளைக் காத்தல்

பயிற்சியாளர் பேணுகை வல்லுநர் அல்லர். எனினும் தாள் எவ்வாறு கெடுகின்றது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். நாளிதழ்த் தாள் மரக்கூழினால் ஆனது. அதில் எஞ்சியுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு அமிலத்தை உண்டாக்குவதால் தாள் பழுத்து நொறுங்குகின்றது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைக் கடந்து நீடிக்குமாயின் பூஞ்சை வளரத் தொடங்கும். நம் நாட்டின் இயல்பான ஈரப்பதமோ அதனினும் மிகுதி. ஆகவே பகலில் மட்டும் குளிரூட்டி இயங்கும் அறை, எப்போதும் ஒரே நிலையில் உள்ள அறையைவிடத் தீங்கானதாகவும் அமையலாம். வெப்பமும் ஈரமும் ஏறி இறங்குவதால் தாள் விரிந்து சுருங்கிப் பாழாகும்.

இவற்றை அறிந்த மாணவர் ஒட்டுநாடாவைக் கொண்டு கிழிசலை ஒட்டமாட்டார். இரும்புக் குண்டூசியை அகற்றிவிட்டுத் தாள்களை அமிலமற்ற உறையில் இடுவார். கறையான் அரித்த பெட்டியைப் பிற பெட்டிகளோடு வைக்கமாட்டார். இவை சிறியவை; எனினும் ஓர் ஆண்டிதழ் எஞ்சுவதும் அழிவதும் பல வேளைகளில் இவற்றையே பொறுத்துள்ளன.

மின்னுருவாக்கம் பற்றிய ஓர் எச்சரிக்கை

இன்று பயிற்சிப் பணி என்றவுடன் மாணவரை மின்வருடியின் முன் அமர்த்திவிடும் போக்கு காணப்படுகின்றது. மின்னுருவாக்கம் வேண்டாததன்று. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களை இல்லத்திலிருந்தே காண முடிவதால் நாம் பெற்றுள்ள பயன் பெரிது. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் 1994ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகம் பெற்று, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. அங்கு நுண்படமாக்கலும் மின்னுருவாக்கலும் பட்டியலிடலோடு இணைந்தே நடைபெற்றன என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

விவரிப்பற்ற ஆயிரம் படங்கள், பட்டியலற்ற ஆயிரம் தாள்களைப் போன்றவையே. எழுத்துணரி மென்பொருள் அக்குறையைத் தீர்த்துவிடும் என எண்ணுவதும் முழுமையாகப் பொருந்தாது. தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான இதழ்களில் ணா, றா, னா, ணை, லை முதலியன பழைய வடிவில் உள்ளன. மங்கிய அச்சும் சேர்ந்துகொண்டால் மென்பொருள் பிழைபடுவது இயல்பே. மேலும், 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் பல்வேறு தமிழ் எழுத்துருக் குறியீடுகளில் தட்டெழுதப்பட்ட பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றாவிடின் அவையும் படிக்க முடியாத குறிகளாகிவிடும். பழைய கோப்புகளை மாற்றி ஒப்புநோக்குவது மாணவர்க்கு ஏற்ற பணியாகும்.

உரிமைச் சிக்கலையும் மாணவர் அறிய வேண்டும். மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அவர்தம் வெளியிடப்பட்ட படைப்பிற்கு உரிமை உண்டு. சிங்கப்பூரில் அது 70 ஆண்டுகள். வெளியிடப்படாத கடிதங்களுக்குக் கணக்கு வேறுபடும். சட்டம் இடந்தரினும், உயிரோடுள்ளோரின் குடும்பச் செய்தியும் சாதிக் குறிப்பும் அடங்கிய தாள்களை எவ்வளவு காலம் மூடிவைப்பது என்பது அறம் சார்ந்த வினாவாகும். பயிற்சியாளர் அதனைத் தாமே முடிவு செய்யலாகாது. மேற்பார்வையாளரின் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

பயிற்சியின் கட்டமைப்பு

நம் உயர்கல்வி முறையில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கின்றது. ஆகவே மூன்று கிரெடிட் பெறும் பாடமாக இப்பயிற்சியை அமைத்தால் 120 மணி நேரம் கிடைக்கும். பதினான்கு வாரப் பருவத்தில் வாரத்திற்கு ஒரு நாள் காப்பகத்திற்குச் சென்றாலே 112 மணி நேரம் ஆகிவிடும். எஞ்சியதை அறிக்கை எழுதுவதற்குப் பயன்படுத்தலாம். விடுமுறையில் தொடர்ச்சியாக மூன்று வாரம் செய்வதும் இயலும். எம்முறையாயினும் பின்வருவன தேவைப்படும் எனக் கருதுகின்றோம்.

முதலாவதாக, பணி எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். ‘நூலகத்திற்கு உதவுதல்’ என்பது பணியன்று. ‘இரு பெட்டிகளில் உள்ள சங்கக் கூட்டக் குறிப்பேடுகளைக் கோப்பு நிலையில் விவரித்தல்’ என்பதே பணி. காலத்திற்குள் முடியக்கூடிய அளவினதாக அது இருத்தல் நன்று. நிறைவுபெற்ற இரு பெட்டிகள், பாதியில் நின்ற இருபது பெட்டிகளைவிடப் பயனுடையவை.

இரண்டாவதாக, மேற்பார்வை இருவருடையதாக அமைய வேண்டும். காப்பக அலுவலர் முறைமையைக் கற்பிப்பார்; துறை விரிவுரையாளர் உள்ளடக்கத்தைத் தெளிவுபடுத்துவார். முதல் இரு வாரங்களில் மாணவர் எதனையும் இடம் மாற்றாமல், இருந்த நிலையைக் குறித்துக்கொள்வதிலும் படம் எடுத்துக்கொள்வதிலும் மட்டுமே ஈடுபடட்டும். நாம் மேலே கூறிய தவறு இதனால் நேராது.

மூன்றாவதாக, உதவித்தொகை வேண்டும். கெடாவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்து படிக்கும் மாணவர் பலர் பகுதிநேர ஆசிரியப் பணியாலேயே தம் செலவைச் சமாளிக்கின்றனர். ஊதியமற்ற பயிற்சியை ஏற்க வசதியுள்ளோரால் மட்டுமே முடியும். எவருடைய வரலாறு தோட்டத்து லயத்தில் தொடங்கியதோ, அவருடைய பிள்ளைகளே அவ்வரலாற்றின் தாள்களைத் தொட இயலாமற் போவது முறையன்று. பெருந்தொகை கிட்டாவிடினும் போக்குவரவுச் செலவும் உணவுச் செலவுமாவது வழங்கப்படல் வேண்டும். தமிழ்சார் அறக்கட்டளைகளும் பழைய மாணவர் சங்கங்களும் விழாக்களுக்கு அளிக்கும் ஆதரவில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கலாம்.

நான்காவதாக, விவரிப்பின் இறுதியில் மாணவரின் பெயர் தொகுத்தவர் என இடம்பெற வேண்டும். இது வெறும் மதிப்பளிப்பன்று. யார் எந்த ஆண்டில் எம்முடிவுகளை எடுத்தார் எனப் பின்வருவோர் அறிவதற்கு வேண்டிய சான்றாகும்.

ஐந்தாவதாக, மதிப்பீடு அப்பட்டியலையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். வேறோர் ஆய்வாளர் அப்பட்டியலை மட்டும் கொண்டு தமக்கு வேண்டிய கோப்பைக் கண்டுபிடிக்க முடிகின்றதா எனச் சோதிப்பதே தக்க தேர்வு. அத்துடன், தாம் ஐயுற்ற இடங்களை எவ்வாறு தீர்த்தார் என்பதை விளக்கும் சுருக்கமான அறிக்கையும் போதுமானது.

எழக்கூடிய மறுப்புகள்

இப்பயிற்சியால் வேலை கிடைக்குமா எனப் பெற்றோரும் மாணவரும் கேட்பர். காப்பகப் பணியிடங்கள் மிகுதியாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒழுங்குபடுத்துதல், சான்றுகளை எடைபோடுதல், மும்மொழியிலும் சுருக்கி எழுதுதல் ஆகிய திறன்கள் ஆசிரியப் பணியிலும் இதழியலிலும் பதிப்புப் பணியிலும் பயன்படுவனவே.

இது ஆய்வேட்டிற்குரிய காலத்தை விழுங்கிவிடும் என்பது மற்றொரு மறுப்பு. நம் மாணவர் ஆய்வேடுகளில் ஒரே நூல்களும் ஒரே மேற்கோள்களும் திரும்பத் திரும்ப வருவதைத் தேர்வாளர்கள் அறிவர். புதிய மூலங்களை எங்குத் தேடுவது எனத் தெரியாமையே அதற்குப் பெருங்காரணம். ஒரு பருவம் காப்பகத்தில் அமர்ந்த மாணவர், எது எஞ்சியுள்ளது என்பதோடு எது எஞ்சவில்லை, ஏன் எஞ்சவில்லை என்றும் கேட்கக் கற்றுக்கொள்கின்றார். தோட்ட நிர்வாகியின் அறிக்கை காக்கப்பட்டிருக்க, தொழிலாளியின் மனு ஏன் சுருக்கக் குறிப்பாக மட்டும் உள்ளது என்னும் வினா அங்குத்தான் பிறக்கின்றது. அத்தகைய வினாக்களே ஆய்வேட்டிற்கு உயிரூட்டுவன.

முடிவுரை

பயிற்சிப் பணி என்பது பல்கலைக்கழகத்தோடு முடிவதன்று. நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அவற்றுள் பல இடம் பெயர்ந்தன. சேர்க்கைப் பதிவேடு, பள்ளி நாட்குறிப்பு, ஆண்டுமலர், பெற்றோர் சங்கக் கூட்டக் குறிப்பேடு ஆகியன பல பள்ளிகளின் பண்டக அறைகளில் இன்னும் இருக்கக்கூடும். தலைமையாசிரியர் மாறும்போதும் கட்டடம் புதுப்பிக்கப்படும்போதும் முதலில் வெளியேறுபவை அவையே. தமிழாசிரியர்கள் அவற்றை எறிவதற்கு முன் ஒரு தாளில் நிரல்படுத்தி வைத்தல் வேண்டும். கட்டியிருக்கும் கட்டுகளை அவிழ்க்காதிருத்தல் அதனினும் முக்கியம். அவ்வாறு வைக்கப்பட்ட கட்டுகளை விவரிக்கப் பயிற்சி பெற்ற மாணவரை அனுப்புவது பல்கலைக்கழகத் துறைகளின் பொறுப்பாகும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஐந்து பெட்டிகளும் இப்போது பட்டியலோடு உள்ளன. அண்மையில் ஒரு தலைமையாசிரியர் தம் பள்ளியின் கட்டட நிதி வரலாற்றைத் தேடி வந்து, அப்பட்டியலின் துணையால் எட்டுக் கடிதங்களைக் கண்டெடுத்துச் சென்றார். கலைக்கப்படாதிருந்தால் அவர் மேலும் பல கண்டிருப்பார். அடுத்த குடும்பம் பெட்டிகளோடு நம் துறை வாயிலில் வந்து நிற்கும்போது, அவற்றை எவ்வாறு திறப்பது என அறிந்த மாணவர் ஒருவரேனும் உள்ளே இருத்தல் வேண்டும்.